ஒரு ‘ஓம்’ போன தூரம்

சனிக்கிழமை காலை ஆறரைக்கு வீட்டுக்குப் பக்கத்து ஹோம்புஷ் நிலையத்தில் ரயிலேறி, நகர மையத்துச் சென்ட்ரல் நிலையத்தில் மெல்பர்ன் வண்டியைப் பிடித்தேன். விமானத்தில் ஒன்றரை மணித்தியாலப் பயணம். ரயிலில் பதினொரு மணித்தியாலம்.

“உங்களுக்கென்ன விசரோ?” என்று மனைவி கேட்டாள்.

விசர் இல்லை, பயம். மறுநாள் மதியம் நான் ஒரு மேடையில் ஏறிக் கதை சொல்ல வேண்டும். அந்தக் கதையோ பொய். அதைச் சொல்வதா, உடைப்பதா என்று முடிவெடுக்க எனக்கு நேரம் தேவைப்பட்டது.

முப்பது வருடங்களுக்கு முன், மன்னாரிலிருந்து வந்த புதிதில், மெல்பர்னின் வடக்கே கார் இருக்கைகள் தைக்கும் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தேன். அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதி ஒரெஸ்தே என்ற இத்தாலியர். வெனிஸுக்குப் பக்கத்துக் கிராமத்தவர், இடதுசாரி என்றால் அப்படியொரு இடதுசாரி. தேநீர்க் கரண்டியைக்கூட இடது கையால்தான் பிடிப்பார். நாங்கள் பன்னிரண்டு தமிழர் அவரை ‘அரசண்ணை’ ஆக்கிவிட்டோம். இரண்டு பக்கமும் ஆங்கிலம் அரைகுறை. ஆனால் ரொட்டியை நாங்கள் ‘பாண்’ என்றால் அவர் ‘பானே’ என்பார், சமையலறையை ‘குசினி’ என்றால் ‘குச்சினா’, நாற்காலியைக் ‘கதிரை’ என்றால் அவருடைய ஊர்ப்பேச்சில் ‘கரேகா’. போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போன சொற்களை வைத்துச் சொந்தம் கொண்டாடினோம்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு எதையோ அரை மணித்தியாலம் விளக்கினார். நான் ஒவ்வொரு வசனத்துக்கும் ‘ஓம், ஓம்’ என்றேன். ‘ஓம்’ என்றால் சம்மதம் என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அன்று பின்னேரக் கூட்டத்தில், “தமிழர் எங்களோடு வருகிறார்கள்!” என்று அறிவித்துவிட்டார். மற்றப் பதினொரு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையை உயர்த்தினேன், வேறென்ன செய்வது? அதைப் பார்த்து மண்டபமே உயர்த்தியது. அது வேலைநிறுத்தம் என்று வெளியே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். பதினொரு நாள் வாசலில் நின்றோம், வென்றோம்.

அந்த வெற்றியில்தான் அரசண்ணையின் அரசியல் தொடங்கியது. சங்கத்தில் உயர்ந்தார், பிறகு ரோம் நாடாளுமன்றத்துக்கே போனார். வெளிநாட்டில் வாழும் இத்தாலியர் தபாலில் வாக்களித்துத் தங்களுக்கு உறுப்பினர்களைத் தெரிவு செய்யலாம். அவருடைய தொகுதி ஆசியா, ஆபிரிக்கா, ஓசியானியாவோடு அந்தாட்டிக்காவும். பென்குயின்களின் பிரதிநிதி என்று கேலி செய்வோம். ஒரு தவணை இருந்தார். கட்சி உடைந்தது, பெயர் மாற்றியது, திரும்பவும் உடைந்தது. அடுத்த தேர்தலில் தோற்று வீட்டுக்கு வந்து அவரைக்கொடி நட்டார். இப்போது எண்பதாவது பிறந்தநாள். எல்லா மேடையிலும் அவர் சொல்லிவந்த ‘தமிழனின் முதல் ஓம்’ கதையை அந்தத் தமிழனே வந்து சொல்ல வேண்டுமாம்.

கோல்பர்ன் தாண்டியதும் ஐந்தரை டொலருக்கு ஒரு கோப்பி வாங்கினேன். பக்கத்து இருக்கையில் கிளாங்கைச் சேர்ந்த மலேசியத் தமிழ்த் தாதி ஒருவர், வாகா வாகா மருத்துவமனையில் வேலையாம். அவரிடம் முழுவதையும் கொட்டினேன். அவர் “ம்ம், ம்ம்” என்று கேட்டார்.

“அப்ப மேடையில உடைச்சுச் சொல்லலாம் எண்டுறீங்களோ?”

“ஐயோ, நான் ஒண்ணும் சொல்லல அங்கிள். சும்மா கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

என் பிரச்சினையே அதுதான் என்றேன். சிரித்துவிட்டு, “அவர்கிட்ட தனியா சொல்லிருங்க. மேடை வேணாம்” என்றார். வாகா வாகாவில் இறங்கும்போது கை காட்டிவிட்டுப் போனார்.

மாலை ஆறரை. சதர்ன் கிராஸ் நிலையத்தில் அரசண்ணை கைத்தடியோடு நின்றார், பக்கத்தில் மனைவி ரீனா. கட்டிப்பிடித்ததில் என் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணி. அவர்கள் வீட்டுக் குசினியில் கோப்பி கொதிக்கும்போது சொன்னேன். அவரும் மற்றவர்களும் ஆங்கிலத்தில் பேசியதை என் தமிழில் தருகிறேன்.

“அண்ணை, அண்டைக்கு நான் ஓம் எண்டது சம்மதம் எண்டு இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டுதான். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.”

அவர் முகம் சிவந்தது. “ரோமில என்ர முதல் பேச்சிலேயே அதைச் சொன்னனான்! பதிவில கிடக்குது! முப்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தனியோ?”

ரீனா மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். அரசண்ணை சிரிக்கவில்லை. கோப்பியை அப்படியே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். இந்த மனிதரை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வராமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

பன்னிரண்டரைக்கு இத்தாலியர் மண்டபம். பழைய தொழிற்சாலைக்காரரே அறுபது பேர் இருப்பார்கள். என் பெயரைக் கூப்பிட்டதும் அரசண்ணை எழும்பி ஒலிவாங்கியைப் பறித்துக்கொண்டார். நான் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். “ஒரு மனிசன் மரியாதையாத் தலையாட்டினதால நான் நாடாளுமன்றத்துக்குப் போனனான்” என்று முடித்தார்.

பிறகு முன்வரிசையிலிருந்து வூலா என்ற கிரேக்கக் கிழவி, என் பக்கத்து இயந்திரத்தில் தைத்தவர், கையைத் தூக்கினார். “எனக்கும் விளங்கேல்லை. தேத்தண்ணி நேரத்தைக் கூட்டப் போகினம் எண்டு நினைச்சன்.”

ஒரு வியட்நாமியர் எழும்பினார். “நான் கிறிஸ்மஸ் சுற்றுலாவுக்குப் பேர் குடுக்கிறன் எண்டெல்லோ நினைச்சனான்!”

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. ஆளாளுக்குத் தாங்கள் எதற்குக் கை உயர்த்தினோம் என்று கத்தினார்கள். அரசண்ணை வாயைப் பிளந்தபடி நின்றார்.

“எங்க, உண்மையா விளங்கி உயர்த்தின ஆக்கள் ஆராவது இருக்கிறீங்களோ?”

ஒருவரும் இல்லை.

“அப்ப அடுத்த நாள் விடிய ஏன் வாசலுக்கு வந்தனீங்கள்?”

வூலாதான் பதில் சொன்னார். “வீட்ட போய் மகளிட்டக் கேட்டன். விளங்கப்படுத்தினாள். அதுக்குப் பிறகுதான் வந்தனான்.”

அரசண்ணை கதிரையில் உட்கார்ந்து அழுதார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் முழங்காலில் தட்டினார். அதற்குப் பிறகு என்னைப் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேக் வந்துவிட்டது.

திங்கள் காலை ரீனா என்னை நிலையத்தில் இறக்கிவிட்டார். வண்டி வடக்கே நகர, என் நாட்டில் நான் பார்த்த கூட்டங்களை நினைத்தேன். அங்கே பேசியது எங்கள் தாய்மொழி, ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. கைதட்டினோம், சத்தியம் செய்தோம். அடுத்த நாள் காலை வரச் சொன்ன இடத்துக்கு வந்தவர்களை விரலில் எண்ணலாம். வராதவர்களில் நானும் ஒருத்தன். மெல்பர்னில் கை உயர்த்திய மறுநாள் காலை எனக்கு எல்லாமே விளங்கியிருந்தது, வேலை போகலாம் என்பது உட்பட. அப்படியும் பஸ் பிடித்து அந்த வாசலுக்குப் போனேன். இதை இத்தனை வருடமாக ஒருவருக்கும் சொல்லாமல் விட்டிருக்கிறேன், எனக்கும்கூட.