பிள்ளையாருக்குப் போன புல்

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் கல்கத்தாவில், டாக்குரியா பகுதியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம்; எனக்குக் கல்லூரியில் தாவரவியல் ஆராய்ச்சி. ரயில் பாதையோரக் காலி நிலத்தில் மூலைக்கொரு செங்கல் நட்டு, கயிறு கட்டி, ஒரு சதுரம் வைத்திருந்தேன். அதற்குள் தானாக முளைப்பதை யாரும் தொடக்கூடாது. மழை மாறினால் செடிகளின் கூட்டம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

முதலில் அங்கே வல்லாரை மண்டிக் கிடந்தது. அப்புறம் தொடர்ந்து இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது. வல்லாரை கருகிப்போன இடத்தையெல்லாம் அருகம்புல் வளைத்துப் போட்டுக்கொண்டது. ஈரம் திரும்பினால் வல்லாரையும் தானாகத் திரும்புமா, இல்லை அருகு விடாதா? என் ஆராய்ச்சியே அந்தக் கேள்வியில்தான் நின்றது. வீட்டில் சாதம் போடும்போதுகூட அருகைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. கூடவே அவருக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. துர்கா பூஜை விடுமுறையோடு கல்கத்தாவைக் காலி செய்ய வேண்டும். இந்த மழையை விட்டால் எனக்கு வேறு மழை கிடையாது. அந்த நேரம் பார்த்தா எனக்குக் காய்ச்சல் வர வேண்டும்? படுத்த படுக்கையாகக் கிடந்தேன். தெருவில் முழங்கால் தண்ணீர் வேறு.

பிள்ளையார் சதுர்த்தியன்று காலையில் எழுந்து மெல்லக் கூடத்துக்கு வந்தேன். பிள்ளையார் கழுத்தில் கொழுகொழுவென்று அருகம்புல் மாலை.

"ஏது இந்தப் புல்?" என்று அவரைக் கேட்டேன்.

"காளிகாட் சந்தையில புல்லு விக்கிறவன் வாடின கட்டாத்தான் வெச்சிருந்தான். அதான் உன் இடத்துலயே பறிச்சுட்டு வந்தேன். அதைத்தானே தினம் கரிச்சுக் கொட்டுவே?"

"தொடக்கூடாதுன்னு போர்டு வெச்சிருந்தேனே."

"அது வெளியாளுங்களுக்குத்தானே? உன் ஆராய்ச்சி நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டுத்தான் பறிச்சேன்."

இந்த மனுஷனை என்ன சொல்வது?

மாலையைக் கழற்றிப் பிரித்தேன். புல்லோடு புல்லாக, வேரோடு வந்திருந்தது ஒரு வல்லாரைக் கொடி. இலை விரல் நகத்தளவுதான்.

"இது கயித்துக்கு உள்ளே இருந்துச்சா, வெளியிலயா?"

"கயிறே சேத்துல புதைஞ்சு கிடந்துச்சு. அங்கங்கே பிடுங்கினேன்."

சதுரத்துக்குள் அது தானாக முளைத்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் முகம் செத்துப்போயிற்று. கொடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கிளம்பினார். காய்ச்சலோடு பின்னாலேயே போனேன். சதுரம் முழுக்கச் சேறாகக் குழம்பிக் கிடந்தது. பண்டிகைக்குக் கட்டிய வேட்டியோடு மண்டிபோட்டு, விரலால் குழி பறித்துக் கொடியை நட்டார்.

"இப்போ சரியாப்போச்சா?"

"நாம நட்டா கணக்கில்லைங்க."

அவருக்குப் புரியவில்லை.

ஊரை விட்டுக் கிளம்புமுன் கடைசியாக ஒருமுறை போய்ப் பார்த்தேன். கொடி வேர் பிடித்து, அருகின் மேலேயே ஏறி நாலு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. தானாக வந்திருந்தால் அதுதான் என் மூன்று வருஷத்துக்கு விடை. அவர் நட்டதால் அது வெறும் கீரை.