மூன்று மொழிக்கும் ஒரே செட்டு

போன வாரம் ஓசூரில் ஒரு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். கண்ணாடிக் கதவு, ஏசி, கம்ப்யூட்டர் என்று கடை ஏதோ வங்கி மாதிரி இருந்தது. எனக்கு முன்னால் நின்ற இளைஞர், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க, "அண்ணா, காய்ச்சலுக்கு ரெண்டு செட்டு" என்றார். கத்தரிக்கோல் மாத்திரைப் பட்டையைக் கடித்தது. பி காம்ப்ளெக்ஸின் அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் எனக்கு மஞ்சுளா ஞாபகம் வந்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஓர் அறையில் நானும் அவளும் தங்கியிருந்தோம். ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். இருவருக்கும் ஒரே கம்பெனியில், நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. தெருமுனையில் ஒரு மெடிக்கல். அதன் முதலாளியை எல்லோரும் 'டாக்டர் அண்ணன்' என்பார்கள். டாக்டரென்ன, மனிதர் மருந்தாளுநர்கூட இல்லை. சுவரில் ஒரு சான்றிதழ் தொங்கியது. அதற்குரியவரை நாங்கள் பார்த்ததே இல்லை. ஆனால் தமிழில் வந்தால் தமிழ், கன்னடத்தில் வந்தால் கன்னடம், தெலுங்கென்றால் தெலுங்கு. வலியை மூன்று மொழியில் கேட்பார். செட்டு மட்டும் ஒன்றுதான்: ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு ரோஸ். வெட்டும்போது மாத்திரையின் பெயர் இருக்கிற துண்டு அவரிடமே நின்றுவிடும். இதற்கு ஒரு கூட்டம், கோயிலில் சுண்டலுக்கு நிற்பதுபோல. ஆங்கில இலக்கியம் படித்த நானும் சளிக்கு அங்கே நின்று வாங்கி முழுங்கியவள்தான். படிப்பு அந்த லட்சணம்.

மஞ்சுளாவுக்கு முழங்கால் வலி. டாக்டரிடம் போனால் லீவு போட வேண்டும், காத்துக் கிடக்க வேண்டும், அவர் ரத்தத்தைச் சோதிக்கச் சொல்வார். அண்ணன் கொடுத்த குட்டி வெள்ளை மாத்திரையில் மறுநாளே வலி பறந்துவிட்டது. பிறகு அதையே தினமும் போட்டுக்கொண்டாள். மாதங்கள் போகப் போக முகம் உருண்டு திரண்டது. "என்னாடி, பூசணியாட்டம் பளபளன்னு ஆயிட்ட!" என்று உடன் வேலை செய்தவர்கள் மெச்சினார்கள். ஒருத்தி கடைக்கே போய், "எனக்கும் அதே மாத்திரையக் குடுங்கண்ணா" என்று வாங்கி வந்தாள். இப்படிப்பட்ட ஜனங்கள் இருக்கும்வரை நோய்க்கு என்ன பஞ்சம்!

தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவள், மாத்திரையை அறையிலேயே விட்டுவிட்டாள். பந்தலில் வாந்தி எடுத்து மயங்கி விழுந்தாள். கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போனபோது மருத்துவர் அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மாத்திரை சாப்பிட்ட?"

"வெள்ளைங்க மேடம். குட்டியா இருக்கும்."

"பேரு?"

"செட்டுங்க."

அது ஸ்டீராய்டாகத்தான் இருக்கும், திடீரென்று நிறுத்தியதில் விழுந்திருக்கிறாள் என்றார் அவர். உயிர் பிழைத்தாள். ஆனால் கொஞ்ச நாளில் இடுப்பு மூட்டும் கெட்டது. அதுவும் அந்த மாத்திரையின் வேலைதானாம். நடை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நிற்க முடியாதவளுக்குக் கம்பெனியில் என்ன வேலை?

ஆத்திரத்தோடு கடைக்குப் போனேன். "மஞ்சுளாவுக்கு என்னாத்தக் குடுத்தீங்க?"

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவேயில்லை. "வலி போவசொல்லோ, அப்ப வந்து கேட்டியாம்மா?"

பின்னால் நின்றவர்களுக்கும் விஷயம் தெரியும். ஓர் அக்கா என் தோளைத் தட்டி, "நவுரும்மா, பஸ்ஸு போயிரும்" என்றாள். இன்னொருவர், "கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனதுதான் தப்பு. அண்ணன்கிட்ட வந்திருந்தா கால் நல்லாயிருக்கும்" என்றார். வரிசையே தலையாட்டியது. அன்றைக்கு வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. அது விற்றவர் மேலா, கையேந்தி நின்றவர்கள் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பாலம் கட்டுவதற்காக அந்தக் கடையை இடித்துவிட்டார்கள். சில மாதத்துக்கு முன் டாக்டர் அண்ணனும் செத்துப்போனார். சொன்னால் மஞ்சுளாவுக்கு ஆறுதலாக இருக்குமென்று போனில் கூப்பிட்டேன். அவள் அழுதாள்.

"அவரு குடுத்ததுலதானேடி உன் கால் போச்சு?"

"போச்சுதான். ஆனா அந்த ஊர்ல எம்பேரச் சொல்லி, எங்க வலிக்குதுன்னு கேட்டது அவரு ஒருத்தருதானேக்கா."

கடை போயிற்று, மனிதரும் போனார். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க எனக்கு முன்னால் ஓடுகிற அந்தப் பழைய மஞ்சுளாவும் போய்விட்டாள். அந்தப் பாழாய்ப்போன நன்றி மட்டும் போகமாட்டேன் என்கிறது.