தனசேகர் வராத நாளிலும் தாள் வரும்

தனசேகர் அண்ணனூரிலிருந்தும் நான் கொரட்டூரிலிருந்தும் எதிரெதிர் வண்டியில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்குவோம். முதலில் வந்தவர் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் காத்திருப்பது வழக்கம். அன்றும் இரண்டு டீ சொல்லிவிட்டு நின்றேன். எங்கள் ஆபீஸ் ரவிதான் வந்தார். "தனசேகர் போயிட்டார் மேடம். விடியக்காலம் மாரடைப்பு" என்றார். அந்த இரண்டாவது டீயை என்ன செய்தேன் என்று நினைவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவரோடு டிராயிங் போட்டவர்களுக்கு எங்கள் பிளாட்டர் மறந்திருக்காது. பெரிய தாளில் வரைபடம் அடித்துத் தரும் அந்த மெஷினை அவருடைய கம்ப்யூட்டரில்தான் இணைத்திருந்தார்கள். மற்றவர்களின் வேலையும் நெட்வொர்க்கில் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அது அணைந்திருந்தால் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மனிதர் லீவு கேட்கவே அலுத்துப்போனார். கேட்டால் முதலாளி, "நீ போனா பேப்பர் எப்படிய்யா வரும்?" என்பார்.

தாள் வராவிட்டால் நாங்கள் பிளாட்டரைத் தட்டுவோம், கேபிளைப் பிடுங்கிச் செருகுவோம். அவர் எழுந்து வந்து, எங்கள் திரையில் பிளாட்டர் செட்டிங்கைத் திறப்பார். "திட்றதுக்கு முன்னாடி, அது யாராண்ட கேட்டுகினு கீதுன்னு பாருங்கக்கா" என்பார். பாதி நேரம் எங்கள் கம்ப்யூட்டர், பிளாட்டர் இல்லாத இடத்தில்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு விஜயதசமிக்கு, தங்கை குழந்தைக்குச் சேக்காட்டில் காதுகுத்து என்று ஒருவழியாக லீவு வாங்கியிருந்தார். ஆயுத பூஜைக்கும் நிற்காமல் போய்விட்டார். எங்களுக்கு மறுநாளும் வேலை. பிற்பகலுக்குள் டிராயிங் வாடிக்கையாளர் கைக்குப் போயாக வேண்டும். அவருடைய கம்ப்யூட்டரைப் போட்டேன், எல்லோரும் அனுப்பினோம், ஒரு தாளும் வரவில்லை. முதலாளி என் தலைமேல் நின்று, "போன் போட்டு வரச் சொல்லும்மா அவனை" என்று கத்தினார்.

தங்கையின் பக்கத்து வீட்டு போனில் வந்தார். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, ஆசாரி வந்து குந்திகினு கீறாரு. தாய்மாமன் மடியில வெச்சுதான் குத்தணும். நான் வந்துட்டா எப்டிக்கா?"

எது செய்தும் தாள் வரவில்லை என்றேன்.

"நேத்து எதனா மாத்தனீங்களா?"

"ஒண்ணும் மாத்தலைங்க. பூஜைக்கு வந்த முதலாளி மச்சினர் கம்ப்யூட்டருக்கெல்லாம் நெட்வொர்க்குல சாமி பேர் வெச்சார், அவ்வளவுதான்."

அவர் சிரித்தார். "என்னுதுக்கு இன்னா பேரு?"

"முருகன்."

"உங்க மெஷின் இன்னும் பழைய பேரையே தேடிகினு கீதுக்கா. பிளாட்டர் செட்டிங்குல முருகன்னு மாத்துங்க. நான் லைன்லயே கீறேன்."

மாற்றினேன். பிளாட்டர் பேனாவைத் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. "வர வேண்டாம், போய்க் குழந்தையை மடியில வாங்குங்க" என்று நானே சொல்லி போனை வைத்தேன். முதலாளி முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்ததும் முதலாளியோடு சண்டை போட்டு, பிளாட்டரை மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு மாற்றி, எங்கள் ஒவ்வொருவர் செட்டிங்கையும் திருத்தினார். "இனிமே நான் வரலன்னாலும் பேப்பர் வரும்க்கா" என்று கையைத் துடைத்துக்கொண்டார். அன்று போல் அவர் முகம் தெளிந்து நான் பார்த்ததில்லை.

எதிலாவது முட்டிக்கொண்டு நின்றால், யாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று முதலில் பார்ப்பேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

காரியம் முடிந்து மறுநாள் ஆபீஸ் போய், ஒரு டிராயிங்கை அனுப்பினேன். ஒரு தடங்கலும் இல்லாமல் தாள் வந்தது. அவர் ஆசைப்பட்டபடியேதான் நடந்தது. அன்றைக்கு ஒரு நாளாவது அது வராமல் இருந்திருக்கலாம்.