பெரிய வெள்ளியில் அலைந்த கண்

பங்குனி மாதம் வந்தால் எங்கள் சபையில் எல்லோரும் மேளத்தைக் குறை சொல்வார்கள். சாமி ஊர்வலம் போகும் சத்தத்தில் ஜெபிக்க முடியவில்லை, வண்டிகளைச் சுற்றுவழியில் திருப்பிவிட்டதால் ஆராதனைக்கு நேரத்துக்கு வர முடியவில்லை என்று ஆயரிடம் போய்ப் புலம்புவார்கள். அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். பிறந்ததிலிருந்து காஞ்சிபுரத்தில் இருக்கிறோம், அந்தச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தோம். மேளத்தால் என் ஜெபம் ஒருநாளும் கெட்டதில்லை. கெடுப்பதெல்லாம் எனக்கு முன் பெஞ்சில் உட்காரும் பெண்களின் முதுகுதான்.

காரணம் என் வேலை. ஒரு பட்டுக்கடையின் பின்னறையில், நெசவாளர்கள் கொண்டுவரும் புடவைகளை மேசையில் விரித்து, எங்கே பழுது இருக்கிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. இழை விட்டுப்போயிருக்கிறதா, கரையும் உடலும் சேருகிற கோர்வையில் பிசகு உண்டா, ஜரிகை கறுத்திருக்கிறதா என்று வாரமெல்லாம் தேடிய கண், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்ந்திரு என்றால் கேட்குமா? பாவ அறிக்கை சொல்ல முழங்காலிட்டால் மூக்குக்கு நேரே ஒரு மாம்பழ நிறப் பட்டு. வாய் பாவத்தை அறிக்கையிடும், கண் கோர்வையில் இறங்கிவிடும். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே ஓர் இழை விட்டுப்போயிருக்கும். எனக்கு அதோடு அன்றைய ஆராதனை முடிந்தது.

இடம் மாறியும் பார்த்தேன். முதல் வரிசைக்குப் போனால் முன்னால் முதுகே இருக்காது என்று நினைத்தேன். அங்கே பீடத்து விரிப்பு இருந்தது. ஊதாப் பட்டு, யாரோ காணிக்கையாகக் கொடுத்தது. சிலுவை வேலைப்பாட்டுக்குக் கீழே கரை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. சிலுவையைப் பாருங்கள், சிலுவையைப் பாருங்கள் என்று ஆயர் சொல்லச் சொல்ல நான் அந்த இழுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுவாரம் பழைய இடத்துக்கே வந்துவிட்டேன்.

நான் அடங்கி இருந்தாலும் மற்றவர்கள் விடுவதில்லை. திருவிருந்து வாங்கி, திராட்சரசத்தின் இனிப்பு நாக்கைவிட்டுப் போவதற்குள், கைகூப்பித் திரும்பி வருகிற என்னை மறித்து ஒருத்தி முந்தானையைத் தூக்கிக் காட்டுவாள். ஒரிஜினல் ஜரிகையா என்று கேட்பாள். விலையைச் சொல்லி, ஏமாந்துவிட்டேனா என்பாள். ஏமாந்துவிட்டாய் என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். இதற்கு நான் கடையிலேயே இருந்திருக்கலாம்.

இந்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்களில், எனக்கு நிஜமாகவே ஜெபிக்க வேண்டியிருந்தது. என் கணவர் குடிப்பவர். வயரிங் வேலை முடிந்து வரும் வழியில் இருக்கும் ஒயின்ஷாப்பை அவரால் தாண்ட முடியாது. லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று, யாரும் கேட்காமலே, லெந்து முழுக்கத் தொடமாட்டேன் என்றார். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் மலைக்கு மாலை போடுகிறவர்களும் விரதம் முடியும்வரை தொடமாட்டார்கள், மாலையைக் கழற்றியதும் போய் வரிசையில் நிற்பார்கள். எங்கள் சபை ஆண்களில் சிலர் ஈஸ்டருக்கு ஆவலாகக் காத்திருப்பதும் அந்தக் கதைதான். ஆனால் இவர் இந்த முறை ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னார். ஈஸ்டருக்கு அப்புறமும் வேண்டாம் என்று பார்க்கிறேன் என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்காத வார்த்தை அது. நம்ப ஆசையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அதனால் இரவு பகலாக ஜெபித்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். செய்ததெல்லாம் காவல். சாயங்காலம் சாப்பாட்டு டப்பாவை வாங்குகிற சாக்கில் பக்கத்தில் போய் அவர் மூச்சை மோந்து பார்ப்பேன். துவைக்கப் போட்ட சட்டைப்பையைத் துழாவுவேன். நெசவாளர்கள் இருக்கும் பிள்ளையார்பாளையத்தில் வேலை என்று போனால், போன் செய்து, பேச்சைக் கவனிக்காமல் பின்னால் என்ன சத்தம் வருகிறது என்று கேட்பேன். தறிச் சத்தம் கேட்டால் நிம்மதி. பிறகு முழங்காலிட்டு ஆண்டவரே என்று தொடங்கினால், இன்றைக்கு அவர் கண் ஏன் சிவந்திருந்தது என்று யோசனை ஓடிவிடும்.

பெரிய வெள்ளி வந்தது. அன்று எங்கள் பெண்கள் வெள்ளைப் பருத்திப் புடவைதான் கட்டுவார்கள். பட்டு கிடையாது, ஜரிகை கிடையாது. என் கண்ணுக்கு வருஷத்தில் கிடைக்கிற ஒரே லீவு. ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு தியானமாக, மூன்று மணி நேர ஆராதனை. இன்றைக்காவது என் கணவருக்காக உருப்படியாக ஒரு ஜெபம் செய்துவிட வேண்டும் என்று உபவாசமிருந்து போனேன். அவரும் ஒன்றும் சாப்பிடாமல் கூட வந்தார். ஆண்கள் பக்கத்தில், கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்தார்.

பார்க்கப் பட்டு இல்லாத கண் எங்கே போகும்? முதல் வார்த்தையின்போது ஒரு தடவை திரும்பினேன். இருந்தார். இரண்டாம் வார்த்தையின்போது திரும்பினேன். நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நடுங்குகிறதோ என்று பார்க்க மறுபடி திரும்பினேன். மூன்றாம் வார்த்தையில் பக்கத்திலிருந்தவள் என் முழங்கையை இடித்து, மடியில் மறைத்து வைத்திருந்த போனை நீட்டினாள். மகள் கல்யாணத்துக்கு எடுத்த புடவையாம், ஜரிகை அசலா என்று போட்டோவைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். அங்கே ஆண்டவர் சிலுவையில் தொங்கிக்கொண்டு பெற்ற தாயைச் சீடனிடம் ஒப்படைக்கிறார், இங்கே இவளுக்கு ஜரிகை. வாயில் வந்ததை அன்றைக்குச் சொல்லக்கூடாது என்று விழுங்கினேன். ஆனால் பார்த்தேன். பெரிதாக்கியும் பார்த்தேன். நிமிர்ந்து திரும்பியபோது ஆண்கள் பக்கத்தில் அவர் இடம் காலியாக இருந்தது.

பாட்டுப் புத்தகத்தைப் பெஞ்சில் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். ஓடும்போதே அந்தப் போன்காரியைத் திட்டினேன், பெரிய வெள்ளியிலும் திறந்திருக்கும் ஒயின்ஷாப்பைத் திட்டினேன், இத்தனை நாள் கட்டிக் காத்ததை ஒரு போட்டோவில் கோட்டை விட்ட என்னையும் திட்டினேன். கேட்டைத் தாண்டப் போகும்போதுதான் கண்ணில் பட்டார். பக்கச் சுவரோரம், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், முகம் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தார். நேரே போய்க் குனிந்து மூச்சை மோந்தேன். பட்டினி கிடந்த வாயின் வாடைதான் அடித்தது.

எங்கே கிளம்பினீர்கள் என்று கேட்டேன். கேட்ட தோரணை சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. சட்டை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ள உக்கார முடியலமா. நீ திரும்பித் திரும்பி பாத்துக்கினே இருக்கற. நான் இன்னா பொடவையா? எங்க பழுது இருக்குதுன்னு விடிஞ்சதுல இருந்து பாக்கற. குடிக்காம கூட இருந்துடுவேன் போல இருக்குது. நீ பாக்கறத தாங்க முடியல."

திருப்பிச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. நான் பார்க்காமல் விட்ட வருஷங்களில் என்னென்ன நடந்தது, எந்தெந்த நிலையில் இவரை வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள் என்று வரிசையாக நாக்கில் வந்து நின்றது. அவருக்கும் அதெல்லாம் தெரியும். சொல்ல வாயைத் திறந்தால் ஆத்திரத்தில் அழுகை வந்தது. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை.

"நீ உள்ள போ," என்றார். "நான் கொஞ்சம் காத்தாட உக்காந்துட்டு வரேன். வரேன்னு சொன்னா நம்பு."

அவரையும் திறந்துகிடந்த கேட்டையும் அப்படியே விட்டுவிட்டு உள்ளே வருவது எனக்குச் சாதாரண காரியமாக இல்லை. வந்து உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவள், போட்டோ தெளிவாக இல்லையென்றால் புடவையையே கொண்டுவரட்டுமா அக்கா என்று கிசுகிசுத்தாள். கேட்காத மாதிரி கண்ணை மூடினேன். லெந்து முழுக்க அழகழகாக யோசித்து வைத்திருந்த ஜெபம் ஒன்றும் வரவில்லை. ஆண்டவரே, இனிமேல் அவரை நீரே பார்த்துக்கொள்ளும், எனக்குக் கண் வலிக்கிறது என்றுதான் வந்தது.

ஏழாம் வார்த்தை தொடங்கியபோது ஆண்கள் பக்கத்தில், பின்னால், ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. அவர் வந்து உட்கார்ந்தாரா, வேறு யாராவது எழுந்து போனார்களா, தெரியவில்லை. கழுத்து தானாகத் திரும்பப் போனது. முன் பெஞ்சின் மரத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன்.