பன்னிரண்டாவது டயர்: ஒரு ஸ்லோவாக் ஆவணப்படத்துடன் மல்லசமுத்திரம் வரை

மார்ச் மாதம், இரண்டாம் சனிக்கிழமை. சென்னையிலிருந்து மல்லசமுத்திரம். பையில் மடிக்கணினி, சிறிய ஸ்பீக்கர், ஒரு படத்தின் ஏழு நிமிடம்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளாக இந்த வலைப்பூவில் செக், ஸ்லோவாக் படங்களைப் பற்றி எழுதிவருகிறேன். குறிப்பாக, அந்த இரண்டு நாடுகளும் பிரிந்த பிறகு வளர்ந்த தலைமுறை எடுக்கும் ஆவணப்படங்கள். அவற்றில் யாரும் எதையும் விளக்குவதில்லை. கடை வரிசை, அடுக்குமாடி லிஃப்ட், ஷிஃப்ட் முடிந்து நிற்கும் தொழிலாளி. கேமரா நகராமல் காத்திருக்கும். சிரிப்பு தாமதமாக வரும். வந்த பிறகு உறுத்தும்.

ஸ்லோவாக்கிய இயக்குநர் லென்கா சென்ற ஆண்டு இந்த வலைப்பூ வழியாகத்தான் எனக்கு எழுதினார். வெளிநாடுகளிலிருந்து வந்து அங்கே லாரி ஓட்டுகிறவர்களைப் பற்றி ஒரு படம். செக் எல்லைக்கு அருகில் ஒரு லாரி நிறுத்தத்தில் எடுத்தது. அதில் ஒருவர் பேசுவது தமிழ். மொழிபெயர்த்துத் தர முடியுமா?

அவர் செல்வராசு. நாற்பத்திரண்டு வயது, மல்லசமுத்திரம் பக்கம். ஏழு நிமிடம் வருகிறார். பனியில் நின்று மனைவியிடம் போனில் பேசுகிறார். பிறகு ஓர் இரும்புத் தடியால் லாரியின் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே சுற்றி வருகிறார். இது எந்தத் தெய்வத்துக்கான சடங்கு என்று லென்கா கேட்டிருந்தார். சடங்கில்லை, காற்று இருக்கிறதா என்று சத்தத்தை வைத்துப் பார்ப்பது, எங்கள் ஊர் ஓட்டுநர்கள் வண்டியை எடுக்குமுன் செய்வது என்று பதில் எழுதினேன். கொஞ்சம் பெருமையாகவே எழுதினேன். அந்த வண்டியில் காற்றழுத்தம் ஓட்டுநர் முன்னால் திரையிலேயே தெரியும். மற்ற ஓட்டுநர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பதும் படத்தில் இருக்கிறது.

கடைசியில் தட்டுவதை நிறுத்திவிட்டு லாரியின் படியில் உட்கார்ந்துவிடுகிறார். அவ்வளவுதான். "நான் பார்த்ததிலேயே அழகான ஓய்வு" என்று லென்காவுக்கு எழுதினேன். பதினைந்து நொடியாக இருந்த காட்சியை அடுத்த வடிவத்தில் அவர் நாற்பத்தெட்டு நொடியாக நீட்டினார். செல்லோ இசை சேர்த்தார்.

பிப்ரவரியில் அவரிடமிருந்து இன்னொரு கடிதம். ஒப்புதல் கையெழுத்து வாங்கத் தேடியபோதுதான் லென்காவுக்கே தெரிந்திருக்கிறது. படப்பிடிப்பு முடிந்து மூன்றாவது வாரம் செல்வராசு வண்டிக்குள்ளேயே இறந்துபோயிருக்கிறார். தூக்கத்தில் மாரடைப்பு. உடலை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். "அவர் மனைவி பார்க்காமல் வெளியிட மாட்டேன். அவர் வேண்டாம் என்றால் ஏழு நிமிடத்தையும் எடுத்துவிடுவேன். நீங்கள் போக முடியுமா?"

சென்ட்ரலில் காலை 6.10க்கு ரயில். உட்காரும் வசதி, முன்பதிவோடு 155 ரூபாய். சேலம் சந்திப்புக்கு 11.40. அங்கிருந்து புதிய பேருந்து நிலையம் ஐந்து கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பிறகு ஆட்டையாம்பட்டி வழியாகத் திருச்செங்கோடு போகும் பேருந்து. மல்லசமுத்திரம் வரை 32 கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம், 30 ரூபாய். இடதுபக்க ஜன்னல் வேண்டாம். வெயில்.

மரவள்ளிக் காடு. நீளமான கோழிப்பண்ணைகள். ஆட்டையாம்பட்டியில் முறுக்குப் பொட்டலங்களோடு நான்கு பேர் ஏறினார்கள். மடிக்கணினிப் பையை மடியில் வைத்திருந்தேன். நடத்துநர் குனிந்து பார்த்தார்.

"அம்மிணி, கொழந்தையாட்டம் புடிச்சிருக்கறீங்க. மேல வெய்யுங்க, ஒன்னும் ஆவாது."

வைக்கவில்லை.

நிறுத்தத்தில் செல்வராசுவின் தம்பி முருகேசன் பைக்கோடு நின்றிருந்தார். போர்வெல் ரிக் வண்டியில் வேலை. ராஜஸ்தானிலிருந்து விடுப்பில் வந்தவர். வீடு அங்கிருந்து நான்கு கிலோமீட்டர்.

"படம்னு சொன்னாங்க. பாட்டு கீட்டு இருக்குதுங்களா?"

"ஒரே ஒரு எடத்துல இசை வருங்க."

"சண்டை?"

"இல்லைங்க."

"அப்பறம் அதை எவன் காசு குடுத்துப் பாக்கறான்?"

சத்தமாகச் சிரித்தார். ஒரு கிலோமீட்டர் போனதும் வண்டியைப் புளியமர நிழலில் நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"நெசத்தைச் சொல்லிப்போடறேன் அம்மிணி. அண்ணி வேண்டாம்னு சொல்லிறணும்னுதான் எனக்கு. எங்கண்ணன் பனியில நிக்கறதை ஊரு ஒலகமெல்லாம் உக்காந்து பாக்கோணுமுங்களா? அவரை அங்க அனுப்புன ஏஜெண்டைக் காட்டுனதே நாந்தானுங்க."

வண்டியை எடுத்தார்.

செல்வராசுவின் மனைவி சுமதிக்கு முப்பத்தாறு வயது இருக்கும். பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் வேலை. அன்று அரை நாள் விடுப்பு போட்டிருந்தார். மோர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"பொட்டி வந்துச்சு கண்ணு. தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. மொகத்தைப் பாக்காமயேதான் அனுப்பி வெச்சேன். திடீர்னு போயிட்டாரு, திடீர்னு போயிட்டாருங்கறாங்க எல்லாரும். நல்லா இருந்த மனுசன் எப்படி அப்படிப் போவாரு? அதைத்தான் பாக்கோணும். போடு."

போடுவதற்குமுன் ஒரு தவறு செய்தேன். கடைசியில் அவர் ஓய்வாக உட்காரும் இடம் ரொம்ப அழகாக இருக்கும் என்று சொன்னேன். படம் பற்றிப் பேசிப் பழகிய வாய்.

திரையில் செல்வராசு போனைக் காதில் வைத்திருக்கிறார். தோளில் பனி. பேசும்போது வாயிலிருந்து புகை. "ரூமுக்கு வந்துட்டேன் சுமதி. ஹீட்டரு போட்டிருக்கறாங்க. வேர்க்குதுன்னா பாத்துக்க."

சுமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"வேர்க்குதாமா. பொய்யப் பாரு." சிரிப்பு அப்படியே நின்றது. "அன்னைக்கு நான் திட்டுனேன். சொகமாத்தான் இருக்கறீங்க, நாங்கதான் இங்க வேகறோம்னு."

பிறகு டயர் தட்டும் காட்சி. டங். டங். சுமதியின் விரல் முழங்காலில் அசைந்தது. காட்சி முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறையும்.

"இந்த வண்டிக்கு எத்தனை டயரு?"

எனக்குத் தெரியவில்லை. இருபது முறையாவது பார்த்த படம். வாசல்படியில் நின்றிருந்த முருகேசன் சொன்னார்.

"பன்னெண்டு அண்ணி. முன்வண்டிக்கு ஆறு, இழுவைக்கு ஆறு."

"பதினொன்னுதான் தட்டுனாரு."

சுமதி திரைக்கு இன்னும் அருகில் நகர்ந்தார்.

"கல்யாணமான புதுசுல ரெண்டு வருசம் அவருகூடவே லாரியில போயிருக்கறேன். நாசிக்குக்குப் போயி வெங்காய லோடு ஏத்தி வருவோம். காய்ச்சல்னாலும் ஒரு டயரை உட மாட்டாரு. ஒருக்கா மழையில, நீ தட்டிட்டு வா புள்ளைன்னாரு. நான் ஒன்னை உட்டுட்டு ஏறிட்டேன். நாப்பது கிலோமீட்டரு எங்கூடப் பேசல." திரையைத் தொட்டார். படியில் உட்கார்ந்திருந்தவரின் முழங்கையை. "அந்த மனுசன் ஒன்னைப் பாக்கி வெச்சுட்டு உக்காந்தாருன்னா, முடியலைன்னு அர்த்தம். நெஞ்சைப் புடிக்கல, அவ்வளவுதான். ஓய்வுன்னியே கண்ணு. இதா ஓய்வு?"

நான் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்துறச் சொல்லுங்க அண்ணி," என்றார் முருகேசன். "எல்லாத்தையும் எடுத்துறச் சொல்லுங்க."

"எதுக்குத் தம்பி? நீ என்ன பண்ணுவ? எங்கிட்டயே ஹீட்டருன்னவரு உங்கிட்டச் சொல்லியிருப்பாரா?" சுமதி அவரைப் பார்க்காமலே சொன்னார். "திடீர்னு போகல அவரு. மூணு வாரம் முந்தியே முடியாம உக்காந்திருக்கறாரு. மருந்து வாங்கித்தர ஆளில்ல. அது ஒரு எடத்துலயாச்சும் இருக்கட்டும்."

பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஒன்னே ஒன்னு. அவரு உக்காந்ததும் ஒரு பாட்டு வந்து மூடிக்குது பாரு. அதை எடுத்துறச் சொல்லு. மூச்சு எப்படி உட்டாருன்னு கேக்கோணும்."

வெள்ளைத் தாளில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படத்தை வைத்துக்கொள்ளலாம், பாட்டு கூடாது. இரண்டே வரி.

முருகேசன் என்னை நிறுத்தத்தில் திரும்பக் கொண்டுவந்து விட்டார். 4.20 பேருந்து வந்ததும் பையை வாங்கி, நான் ஏறிய பிறகு ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார்.

சேலம் வரும்வரை ஒரே நினைப்பு. விளக்கம் சொல்லாத படங்களை எனக்குப் பிடிக்கும் என்று இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன். விளக்கம் இல்லாத இடத்தில் என் சொந்த விளக்கத்தை வைத்துவிட்டேன், அதற்கு இசையும் சேர்ந்துவிட்டது. கேமரா காத்திருந்தது உண்மை. பதினொன்று வரை எண்ண எனக்குத்தான் பொறுமை இல்லை.

நான்கு நாள் கழித்து லென்கா எழுதினார். இசையை நீக்கிவிட்டார். சட்டைக் காலரில் பொருத்திய மைக்கின் மூல ஒலியில் மூச்சுச் சத்தம் தெளிவாக இருக்கிறதாம். "இரைச்சல் என்று நினைத்து நாங்களே குறைத்திருந்தோம்."

படத்தில் இருப்பவரின் வீட்டுக்குப் படத்தை எடுத்துப் போகிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்குச் சில குறிப்புகள். சேலத்திலிருந்து மல்லசமுத்திரத்துக்குப் பேருந்து அடிக்கடி உண்டு, அங்கிருந்து உள்ளே போக முன்பே யாரிடமாவது சொல்லிவையுங்கள். ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஆனாலும் வந்த உடனே கிளம்பும்படி சீட்டு எடுக்காதீர்கள். மின்சாரத்தை நம்பாமல் மடிக்கணினியை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். ஹெட்போன் வேண்டாம், வீட்டில் எல்லோருக்கும் கேட்க வேண்டும். படம் எப்படி என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

லென்காவின் படம் வெளியாகும்போது பார்ப்பவர்களுக்கு ஒன்று. பதினோராவது டயருக்குப் பிறகு நாற்பத்தெட்டு நொடி எதுவும் நடக்காததுபோல் இருக்கும். ஒலியைக் குறைத்துவிடாதீர்கள்.