முத்துமாரி அடைத்த வாசல்கள்

ஸ்டெர்லினுக்கு அன்று காலையிலிருந்தே இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வயதில் அப்பாவோடு தோல் மூட்டை சுமந்ததில் வந்த வலி. இப்போது கம்ப்யூட்டர் தூக்கினாலும் வருகிறது. கோவண்டியில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கித் தாராவிக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்றான். வலியை முதலில் சொல்லக் காரணம் உண்டு. நடந்த அத்தனைக்கும் ஆரம்பம் அதுதான். கட்டிவிட்ட கதை இல்லை இது. நேரம் முதற்கொண்டு ஒரு கம்ப்யூட்டரில் பதிவாகிக் கிடக்கிறது.

2025 அக்டோபர் பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை.

பிரம்மநாயகம் அண்ணாச்சியின் தோல்பைப் பட்டறை. கீழே தையல் மிஷின்கள். இரும்பு ஏணியில் ஏறினால் போட்மாலா, நிமிர்ந்தால் தலை இடிக்கும் பரண். பட்டறையின் சர்வர் கம்ப்யூட்டர் அங்கேதான். பை டிசைன், தீபாவளி ஆர்டர், முப்பது பேர் கூலி விவரம் எல்லாம் அதற்குள். முந்தின வாரம் பக்கத்துச் சந்துக் கடையின் சர்வரில் இன்டர்நெட் வழியாக எவனோ புகுந்து, எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டிருந்தான். அண்ணாச்சி பதறிப்போய் போன் போட்டார்.

அவரைவிட ஸ்டெர்லின்தான் அதிகம் பதறினான். ஏணி ஏற இடுப்பு விடாது என்று, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அந்த சர்வரில் இன்டர்நெட்டுக்கு ஒரு வாசல் திறந்து வைத்தவன் அவன்தான். ஒன்றரை வருஷமாகத் திறந்தே கிடக்கிறது. வெளியே தெரிந்தால் அண்ணாச்சி மட்டுமல்ல, அவன் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கும் பதினெட்டுக் கடையும் போய்விடும். யாருக்கும் தெரியாமல் அடைத்துவிட வேண்டும்.

மதியம் 3.20. எதிர் டீக்கடை ஷாகிரிடம் சாவி வாங்கி, ஒவ்வொரு படியாக ஏறினான். ஏழு படி.

மேலே நாலு மாசத் தூசி. மேஜையில், சர்வரின் திரையில், கீபோர்டில்... விரல் வைத்தால் பதிந்தது. ஆனால் கீபோர்டின் எண் கட்டைகள் மட்டும் பளிச்சென்றிருந்தன. என்டர் கட்டையும்.

நாற்காலியிலும் தூசி இல்லை.

எலி ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். இடுப்புக்குத் தரைதான் வசதி. சுவரில் சாய்ந்து, லேப்டாப்பை சர்வரோடு வயரில் இணைத்தான்.

உள்ளே நுழையப் பார்த்தவர்களின் பட்டியல் சிவப்பு சிவப்பாக ஓடியது. ஒருவன்கூட நுழையவில்லை. இன்டர்நெட்டில் ஒவ்வொருவருக்கும் வீட்டு நம்பர் மாதிரி ஒரு நம்பர் உண்டு. தட்டிய நம்பரையெல்லாம் யாரோ தடுத்து வைத்திருந்தார்கள். மிஷின் தானாகச் செய்தால் கண் சிமிட்டும் நேரம் போதும். இங்கே ஒவ்வொன்றுக்கும் நாற்பது விநாடி, ஐம்பது விநாடி... கையால் அடிக்கிற வேகம். மொத்தம் 41,306 நம்பர்.

அடைத்தவர் பெயர்: முத்துமாரி.

அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஏப்ரலில் அவனுக்கு போன் செய்திருந்தாள்.

"அண்ணே, செவப்பு வரியா வந்துக்கிட்டே இருக்கு. யாரோ தட்டுதாவ."

"ஞாயித்துக்கிழம வாறேன். அதுவரைக்கும் புது நம்பர் எது வந்தாலும் கையால அடச்சிரு. சீட்ட விட்டு எந்திரிக்காத, என்ன?"

"சோறு திங்கவாவது எந்திரிக்கலாமா?" என்று சிரித்தாள்.

அந்த ஞாயிறு அவன் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை.

3.52. புதிதாக ஒரு சிவப்பு வரி வந்தது.

டக்... டக் டக்... டக்.

நம்பர் அடைபட்டது. ஸ்டெர்லின் கைகள் மடியில் இருந்தன.

அவள் வீட்டிலிருந்து செய்கிறாள் போல என்று தனக்கே சொல்லிக்கொண்டான். சத்தம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை. சர்வருக்குள் நுழைய யார் யாரை விடலாம் என்று கேட்க அண்ணாச்சிக்கு போன் போட்டான். சான்பாடாவில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தார், பின்னால் நாதஸ்வரம். தன் பெயரைத் தவிர மற்ற எல்லாப் பெயரையும் எடுத்துவிடச் சொல்லி வைத்துவிட்டார்.

4.07. முத்துமாரியின் பெயரை எடுக்க அழுத்தினான். லேப்டாப் கேட்டது: இவர் இப்போது உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறார். வெளியேற்றவா?

எங்கிருந்து என்று பார்த்தான்.

இதே சர்வரின் கீபோர்டிலிருந்து.

நாற்காலி காலியாக இருந்தது.

'ஆம்' அழுத்தினான். பெயர் மறைந்தது.

4.08. சத்தம் இல்லை.

4.09.

டக்.

ஒரே ஒரு தடவை.

நாற்காலி... கிறீச்... ஒரு சாண் பின்னால் நகர்ந்தது.

பிறகு ஏணியில்... டங்... டங்... டங்...

எண்ணினான். ஏழு.

அவன் திறந்த வாசலை அவன் அடைத்து முடித்தபோது 4.15. பட்டியலை லேப்டாப்பில் எடுத்துக்கொண்டான். எப்படி இறங்கினான் என்று இன்றுவரை தெரியாது. இடுப்பு வலி ஞாபகமே இல்லை.

சாவியை நீட்டியபடி, முத்துமாரி இப்போது எங்கே வேலை பார்க்கிறாள் என்று ஷாகிரிடம் கேட்டான். அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"உனக்கு யாரும் சொல்லலியா தம்பி? ஜூன் பதினாலு மௌத்தாயிருச்சு. எலிக்காய்ச்சல். ஒடம்பு கொதிக்கக் கொதிக்க மேலயே உக்காந்திருக்கும். போயி படும்மான்னா, ஸ்டெர்லின் அண்ணன் வந்தாத்தான் எந்திரிப்பேங்கும்."

சாயங்காலம் 6.40க்கு வீட்டில் லேப்டாப்பைத் திறந்தான். பட்டியலின் மொத்தம் இப்போது 41,306 இல்லை. சில நம்பர் கூடியிருந்தது. கடைசி வரியின் நேரம் 4.09. அவள் பெயரை எடுத்து இரண்டு நிமிஷம் கழித்து.

அடைத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி.

அடைபட்ட நம்பர் கோவண்டியில் அவன் வீட்டு இன்டர்நெட்டின் நம்பர், இத்தனை நாள் அவன் அந்த சர்வருக்குள் நுழைந்துவந்த நம்பர்.

அன்று அவன் ஏணி ஏறியது அண்ணாச்சி கூப்பிட்டதால். முத்துமாரிக்குத் தருகிறேன் என்று சொன்ன ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னும் பாக்கி.