பாலம் அளந்த பீம்ராவ்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற பீம்ராவ், எண்ணூர் கழிமுகத்தில் தூண்டில் போட வருபவர்களை ஏற்றிச்செல்லப் பழைய கேபின் படகு வாங்கப் போனார். விலைக்கு இருந்தவை இரண்டு: இருபதடி நீளத்தில் ஒன்று, முப்பதடி நீளத்தில் கூரை உயர்ந்த ஒன்று.

"சின்னது போதும்யா. வழியில இருக்குற பாலத்துக்குக் கீய பூந்து போவணுமில்ல?" என்றாள் மனைவி செங்கொடி.

"முப்பது வருசம் கப்பலத் தூக்குனவன் நானு. எனக்கே அளவு சொல்றியா?"

அவர் தூக்கியது கப்பலில் வந்த பெட்டிகளை. போகட்டும். ஒரு சாயங்காலம் பாலத்தின் உயரத்தை அளந்துவிட்டுப் பெரியதையே வாங்கினார். அப்போது ஓதம் இறங்கி நீர் வற்றியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

பௌர்ணமிக் காலையில் சொந்தக்காரர்கள் பதினோரு பேருடன் முதல் பயணம். ஏறியிருந்த நீரில் கேபின் கூரை பாலத்தில் இடித்துச் சிக்கிக்கொண்டது.

"இன்னா நைனா, பாலத்தத் தூக்கிகினு போவப்போறியா?" என்றார் ஒரு வலைக்காரர். சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு காட்டுப்பள்ளி வரை கேட்டிருக்கும்.

பீம்ராவ் கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். செங்கொடி தட்டினாள்.

"வெளிய வாய்யா. யாரு அளந்ததுன்னு கேட்டாங்கோ. நான்தான் அளந்தேன்னு சொல்லிட்டேன்."

அதற்குமேல் அவரால் உள்ளே உட்கார முடியவில்லை. தலையைக் குனிந்தபடி வெளியே வந்தார்.

"அளந்தது நானு. அவ சின்னதத்தான் வாங்கச் சொன்னா."